சேற்றில் நின்று படித்த ஸ்பானிஷ்

எண்ணூர்க் காட்டுக்குப்பத்துப் பெண்ணுக்கு ஸ்பானிஷ் எதற்கு என்று கேட்டவர்களுக்கு நான் துறைமுகத்தைத்தான் கைகாட்டுவேன். எங்கள் கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் காமராஜர் துறைமுகம். 2001-ல் அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்கத் தொடங்கிய அந்த இடத்திலிருந்து இன்று கப்பல் கப்பலாகக் கார்கள் போகின்றன. அதில் ஒரு பங்கு மெக்சிகோவுக்கும் தென் அமெரிக்க நாடுகளுக்கும் போகிறது. அந்த ஊர்க்காரர்களோடு பேசவும் எழுதவும் தெரிந்தால் பாரிமுனையிலோ ராயபுரத்திலோ ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை கிடைக்கும் என்று கல்லூரியில் ஒருவர் சொன்னார். அதை நம்பித்தான் தொடங்கினேன்.

படிக்கப் படிக்கத்தான் இந்தத் தொடர்பு எவ்வளவு பழையது என்று தெரிந்தது. 1762-ல் மதராஸிலிருந்து கிளம்பிய ஆங்கிலேயக் கப்பற்படை, ஸ்பெயினின் கையில் இருந்த மணிலாவைப் பிடித்தது. 1764-ல் ஊரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படை கிளம்பியபோது, கூடப் போன மதராஸ் சிப்பாய்களில் சிலர் கப்பல் ஏறவில்லை. மணிலாவுக்குப் பக்கத்தில் கயிந்தா என்ற ஊரில் குடும்பம் நடத்தித் தங்கிவிட்டார்கள். அதற்கும் முன்னால், மணிலா வியாபாரத்தில் பணம் சேர்த்த ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் மதராஸில் குடியேறினார். அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் 1726-ல் பாலம் கட்டியவர் அவர்தான். மெக்சிகோ வெள்ளியில் அடித்த ஸ்பானிஷ் நாணயங்கள் மணிலா வழியாக இந்தக் கரையில் இறங்கி, நம் நெசவாளர்களின் துணிக்கு விலையாகி இருக்கின்றன. மொழி படிக்க ஸ்பெயினுக்குக் கிளம்பிய என்னை வழியனுப்ப வந்த சொந்தக்காரர்களிடம் இதையெல்லாம் சொன்னேன். யார் காதிலும் ஏறவில்லை. “அங்க குளிரும், கம்பளி வெச்சிக்கினியா?” என்றுதான் ஆயா கேட்டாள்.

2024 இலையுதிர் காலத்தில் போனேன். மாட்ரிட்டில் இறங்கி, சமார்த்தின் ரயில் நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேலே சந்தியாகோ தே கொம்பொஸ்தேலா. முதலில் அறுவடை முடிந்து வெறிச்சோடிய கோதுமைச் சமவெளி. பிறகு சுரங்கம் மேல் சுரங்கம். கடைசியில் வெளியே வந்தால் மழையும் பச்சையும். ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் உள்ள இந்தப் பகுதிக்குக் கலீசியா என்று பெயர். மொழி படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் மாட்ரிட்டுக்கோ சலமான்காவுக்கோதான் போவார்கள். நான் கலீசியாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் மீன். ஸ்பெயினில் மீன்பிடித் தொழில் வலுவாக இருக்கும் கரை அது.

சந்தியாகோ பல்கலைக்கழகம் 1495-லிருந்து இருக்கிறது. வெளிநாட்டாருக்கான அதன் ஸ்பானிஷ் வகுப்பில் காலையில் பாடம். மற்ற நேரமெல்லாம் உள்ளூர்க் குடும்பம் ஒன்றோடு தங்கி, அவர்கள் மொழியிலேயே சாப்பிட்டு, சண்டை போட்டு, தொலைக்காட்சி பார்த்து வாழவேண்டும். நான் தங்கியது எழுபது வயது தாண்டிய ஒரு அம்மாவின் வீடு. கணவர் கடலுக்குப் போனவர், இறந்துவிட்டார். அந்த அம்மாவை நான் சென்யோரா என்றுதான் கடைசிவரை கூப்பிட்டேன். மதியச் சாப்பாடு இரண்டரை மணிக்கு, இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்கு. பசியோடு உட்கார்ந்திருக்கும் அந்த இடைவெளிகளில்தான் நான் அதிகம் பேசக் கற்றேன் என்று தோன்றுகிறது.

உச்சரிப்பில் எனக்குக் கஷ்டமே இல்லை. ஸ்பானிஷில் இரண்டு ரகரம் உண்டு. ஒன்று மெல்லியது, மற்றொன்று நாக்கு அதிர உருட்டுவது. வகுப்பிலிருந்த ஜெர்மன், அமெரிக்கப் பிள்ளைகள் அந்த இரண்டாவதைச் சொல்லக் கண்ணாடி முன் நின்று பழகினார்கள். ரகரமும் றகரமும் படித்து வந்தவளுக்கு அது இயல்பாக வந்தது. நம் தகரமும் ஞகரமும் அப்படியே அவர்களிடம் இருக்கின்றன. முதல் வாரமே ஆசிரியை, உன் வாய் இங்கே பிறந்த வாய் என்றார். அந்தப் பெருமையோடு சனிக்கிழமை காலை ஊர்ச் சந்தைக்குப் போனேன்.

சந்தையில் ஒரு சொல்லும் புரியவில்லை. கருங்கல் கூரைக்கடியில் வரிசையாக மீன்காரிகள். வெள்ளை ஏப்ரன், ரப்பர் பூட்ஸ், பனிக்கட்டி மேல் பளபளக்கும் மீன். எனக்கு வாழ்நாள் முழுக்கத் தெரிந்த காட்சிதான். ஆனால் அவர்கள் பேசியது ஸ்பானிஷ் இல்லை, கலீசிய மொழி. போர்ச்சுகீசியத்துக்கு நெருங்கிய உறவு. சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில் பள்ளியிலும் அலுவலகத்திலும் இடமில்லாமல் ஒதுக்கப்பட்டு, வீட்டுக்குள்ளும் படகிலும் சந்தையிலும் உயிர் வைத்திருந்த மொழி. 1981-ல்தான் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்றாக அதற்கு உரிமை கிடைத்தது. செந்தமிழ் இலக்கணம் படித்துவிட்டு விடிகாலை காசிமேட்டு மீன் ஏலத்தில் போய் நிற்கும் வெளியூர்க்காரரின் நிலைதான் எனக்கு. வீட்டுக்கு வந்து சென்யோராவிடம் சொன்னபோது அவர் கண் கலங்கிவிட்டது. சின்ன வயதில் பள்ளியில் கலீசிய மொழி பேசியதற்காக ஆசிரியரிடம் அடி வாங்கியவர் அவர். அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் எனக்கு இரண்டு மொழியிலும் பாடம் நடந்தது. வகுப்பில் இதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒருநாள் ஆசிரியை ஒரு பயிற்சி கொடுத்தார். உங்கள் பாட்டி இளமையாக இருந்தபோது உங்கள் ஊர் எப்படி இருந்தது, பேசுங்கள். ஸ்பானிஷில் இறந்த காலம் இரண்டு வகை. ஒருமுறை நடந்து முடிந்ததற்கு ஒன்று, வழக்கமாக நடந்துகொண்டிருந்ததற்கு இன்னொன்று. எல்லோரும் தடுமாறும் இடம் அது. எனக்கு மட்டும் ஒரு வழி கிடைத்தது. ஆயா பழங்கதை சொல்லும்போது, “அப்பல்லாம் கழிமுகத்துல மட்டி கிடைக்கும், இறால் துள்ளும், கூடை ரொம்பும்” என்றுதான் சொல்வாள். எதிர்காலம் மாதிரி ஒலித்தாலும் முடிந்துபோன வழக்கத்தைச் சொல்வது. ஆயா அப்படிச் சொல்லும் இடத்திலெல்லாம் அந்த இரண்டாவது வகையைப் போட்டேன். தப்பவே இல்லை.

ஆனால் பேசத் தொடங்கிய பிறகு வேறொன்று நடந்தது. கழிமுகம் ஆழமாக இருக்கும். ஆயா கூடை சுமந்து எர்ணாவூர் சந்தைக்குப் போவாள். கொடுவா கிடைக்கும், மடவை கிடைக்கும். கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீர் மழைக்காலத்தில் மண் நிறத்தில் வரும். எல்லா வாக்கியமும் வழக்கக் காலத்திலேயே போய்க்கொண்டிருந்தது. பிறகு அனல்மின் நிலையச் சாம்பலைக் கொட்டினார்கள் என்று முதல் வகைக்கு மாறினேன். 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின, எண்ணெய் கொட்டியது, பையன்கள் வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலிப் பக்கத்திலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் வந்தது, வீட்டுச் சுவரில் கறுப்புக் கோடு போட்டது. அதே மாதக் கடைசியில் ஒரு நள்ளிரவு அம்மோனியா கசிந்தது, துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு பெரியகுப்பத்து ஜனங்கள் ரோட்டுக்கு ஓடினார்கள். ஊரில் இருந்தவரை இவை தனித்தனிச் செய்திகளாகவே என் மனதில் கிடந்தன. குறைவான சொற்களை வைத்துக்கொண்டு, வேறு நாட்டாருக்கு, வரிசையாகச் சொல்லும்போதுதான் ஒன்றன்பின் ஒன்றாக அவை என்ன செய்திருக்கின்றன என்று எனக்கே தெரிந்தது. வகுப்பு அமைதியாக இருந்தது. நீ கம்பாதோஸுக்குப் போய்வா என்றார் ஆசிரியை.

கம்பாதோஸ், அரௌசா என்ற பெரிய கடற்கழியின் கரையில் இருக்கிறது. கடல் நிலத்துக்குள் விரல் நுழைத்த மாதிரிப் புகுந்த இடங்களை அங்கே ரீயா என்கிறார்கள். நதி நீரும் கடல் நீரும் கலக்கும் இந்தச் சேற்றுத் திட்டுகளில் மட்டி பொறுக்குவது பெரும்பாலும் பெண்களின் தொழில். மரிஸ்காதோராக்கள் என்று அவர்களுக்குப் பெயர். கிமத்தூர் என்று அவர்களே நடத்தும் சங்கம் ஒன்று, வெளியூராரைச் சேற்றுக்குள் கூட்டிப் போய்த் தங்கள் வேலையைக் காட்டுகிறது. அவர்களோடு இறங்கினேன்.

எங்கள் கரையில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர்கூடத் தேறாத நாட்கள் அதிகம். கலீசியாவில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது நான்கு மீட்டர்வரை போகும். கண் முன்னாலேயே கடல் விலகிக்கொண்டே போய், சாம்பல் நிறச் சேற்று வெளி கிலோமீட்டர் கணக்கில் திறந்துகொண்டது. தொடைவரை ரப்பர் பூட்ஸ், கையில் சிறிய இரும்பு வாரி, வாளி. பெண்கள் குனிந்தார்கள். மணி பார்த்து வேலை செய்கிறவர்கள் இல்லை அவர்கள், நிலாவைப் பார்த்து வேலை செய்கிறவர்கள். ஒவ்வொரு நாளும் வேலை நேரம் தள்ளிக்கொண்டே போகும். என் ஆயாவும் நாள்காட்டியில் முதலில் பார்ப்பது அமாவாசையைத்தான் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அந்தப் பெண்கள் என்னைச் சுற்றுலாக்காரியாக நடத்தவில்லை.

என் பக்கத்தில் வேலை செய்த பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். சேற்றில் ஊசி குத்தியதுபோல் இரண்டு சின்னத் துளை தெரிந்தால் அடியில் மட்டி மூச்சு விடுகிறது என்று அர்த்தம். வாரியை அதற்கு ஒரு சாண் தள்ளிப் போட்டு இழுக்கவேண்டும், இல்லாவிட்டால் ஓடு உடையும். எடுத்த மட்டியை இடுப்பில் தொங்கிய உலோகச் சட்டத்துக்குள் நுழைத்துப் பார்த்தார். உள்ளே நழுவி விழுந்தால் குஞ்சு, திரும்பச் சேற்றுக்கே போகவேண்டும். தட்டி நின்றால் வாளிக்கு. இதைச் செய்யும்போது அவர் குனிந்தபடியே பேசினார். நானும் குனிந்தபடியே பேசினேன். வகுப்பில் தயங்கித் தயங்கி வந்த வாக்கியங்கள் அங்கே தடையில்லாமல் வந்தன. கை வேலையில் இருந்தால் வாய் பயப்படுவதில்லை.

அவர் சொன்னவை என் தலைக்குள் இன்னும் ஓடுகின்றன. முன்பெல்லாம் யார் வேண்டுமானாலும் வந்து பொறுக்குவார்கள். வேலை உண்டு, உரிமை கிடையாது, வயதானால் ஓய்வூதியம் கிடையாது. 1990-களில் பெண்கள் சேர்ந்து நின்றார்கள். இப்போது ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் உரிமம். மீனவர் கூட்டமைப்பான கொஃப்ராதியாவில் ஆண்களோடு வாக்கு. இந்த மாதம் எந்தத் திட்டில் எத்தனை நாள் எடுக்கலாம், ஆளுக்கு எத்தனை கிலோ என்று உயிரியல் நிபுணர் அளந்து பார்த்த பிறகுதான் முடிவு. எடுத்ததை எடை போட்டுவிட்டுத்தான் ஏலக்கூடத்துக்குக் கொண்டுபோக முடியும். திருட்டுத்தனமாக அள்ள வருகிறவர்களைப் பிடிக்க ராத்திரியில் முறைபோட்டுக் காவலும் இருக்கிறார்கள். மட்டிக் குஞ்சு விதைப்பதும் பாசி வாருவதும் இவர்கள் வேலைதான். இத்தனைக்கும் பிறகும் கவலை தீரவில்லை. கனமழை வந்தால் ஆற்று நீர் பெருகி உப்பு குறைந்துபோகிறது, மட்டி செத்து வாய் பிளக்கிறது. முன்னைவிடக் குறைவான பெண்களே இந்த வேலைக்கு வருகிறார்கள். தன் மகள் வரமாட்டாள் என்றார்.

நான் எங்கள் பக்கத்து இருளர் பெண்களைப் பற்றிச் சொன்னேன். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் தவழ்ந்து, வெறுங்கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறவர்கள். வலை இல்லை, படகு இல்லை. படகும் வலையும் இல்லாதவரை மீனவர் கணக்கில் சேர்ப்பதற்கே பாடுபடவேண்டும். அந்தப் பெண் நிமிர்ந்தார். அவர்கள் பெயர் எங்கேயும் எழுதப்படவில்லையா என்று கேட்டார். இருக்கவேண்டிய இடத்தில் இல்லை என்றேன்.

அரௌசாவில் கரையிலிருந்து பார்த்தால் தண்ணீர் மேல் மரச் சட்டங்கள் மிதக்கின்றன. யூகலிப்டஸ் கட்டைகளால் ஆன மிதவைகள். அவற்றிலிருந்து தொங்கும் கயிறுகளில் கறுப்பு ஆழிச் சிப்பி கொத்துக்கொத்தாக வளர்கிறது. கலீசியாவின் ரீயாக்களில் இப்படி 3,000-க்கு மேல் மிதவைகள் உண்டு. அந்த ஊரின் செல்வமே அதுதான். என்னால் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட முடியவில்லை. எண்ணூரிலிருந்து பழவேற்காடுவரை இப்போது காக்கா ஆழி என்று ஒன்று பரவிக் கிடக்கிறது. தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த இனம். கப்பல்கள் நிலை நிற்க ஏற்றிவந்து இங்கே வெளியேற்றும் தண்ணீரோடு வந்திருக்கவேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அது ஆற்றின் அடித்தரையில் பாய் விரித்தாற்போல் மூடிக்கொண்டது. அடியில் இருந்த மஞ்சள் மட்டிக்கு மூச்சில்லை, இறால் புதைய மண் இல்லை, கால் வைத்த பெண்களுக்குப் பாதமெல்லாம் கீறல். எந்தக் கப்பல்களை நம்பி நான் ஸ்பானிஷ் படிக்க வந்தேனோ, அதே போக்குவரத்தில்தான் இதுவும் வந்து இறங்கியது. இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பார்க்காமல் இனி என்னால் அந்தத் துறைமுகத்தைப் பார்க்கமுடியாது.

நவம்பரில் சென்யோரா என்னைத் தான் பிறந்த ஊரான முஷீயாவுக்கு அழைத்துப்போனார். அட்லாண்டிக்கைப் பார்த்த பாறைக் கரை. மரணக் கரை என்று அந்தக் கடலோரத்துக்கே பெயர், அத்தனை கப்பல்கள் அங்கே உடைந்திருக்கின்றன. அலை அறையும் பாறை மேல் படகு மாதாவின் கோயில். 2013 கிறிஸ்துமஸ் அன்று மின்னல் தாக்கித் தீப்பிடித்து, மறுபடி எடுத்துக் கட்டியது. ராயபுரத்தில் படகோட்டிகள் சேர்ந்து 1829-ல் கட்டிய புனித பேதுரு ஆலயத்தைப் பற்றி நான் சொன்னேன். எங்கே போனாலும் கடல்காரர்கள் முதலில் கட்டுவது கோயில்தான் என்றார்.

கோயிலுக்கு மேலே மேட்டில் நடுவில் பிளந்த பெரிய கல் ஒன்று நிற்கிறது. காயம் என்று அதற்குப் பெயர். 2002 நவம்பர் 13 அன்று, 77,000 டன் எரி எண்ணெயோடு போன பிரெஸ்டீஜ் என்ற கப்பல் இந்தக் கடலுக்கு வெளியே புயலில் சேதமடைந்தது. துறைமுகத்துக்குள் விடாமல் அரசு அதை நடுக்கடலுக்கே விரட்டியது. நவம்பர் 19 அன்று இரண்டாக உடைந்து மூழ்கியது. கறுப்பு அலை முதலில் வந்து விழுந்த ஊர்களில் முஷீயாவும் ஒன்று.

சென்யோரா அந்தப் பாறைகளைக் காட்டிக் காட்டிச் சொன்னார். முதல் நாட்களில் உதவிக்கு யாரும் வரவில்லை. மீனவர்கள் தங்கள் படகிலேயே போய்க் கையாலும் வாளியாலும் தார்க் குழம்பை அள்ளினார்கள். நாற்றத்தில் தலை சுற்றும், வாந்தி வரும். பிறகு நாடு முழுவதிலிருந்தும் மாணவர்கள் வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கில் வந்தார்கள். பெண்கள் இராப்பகலாகச் சோறு பொங்கிப் போட்டார்கள். ‘இனி ஒருபோதும் வேண்டாம்’ என்ற முழக்கத்தோடு டிசம்பர் 1 அன்று சந்தியாகோவில் மழையில் நடந்த பேரணியில், குடை பிடித்தபடி சென்யோராவும் நடந்தார். மீன்பிடித் தடை போட்ட மாதங்களுக்குப் படகுக்காரர்களுக்கும் மட்டி பொறுக்கும் பெண்களுக்கும் நாள் கணக்கில் நிவாரணம் வந்தது. வழக்கு இழுத்துக்கொண்டே போனது. 2013-ல் சுற்றுச்சூழல் குற்றத்திலிருந்து எல்லோரும் விடுதலை. 2016-ல் உச்ச நீதிமன்றம் கப்பல் கேப்டனுக்கு இரண்டு ஆண்டு தண்டனை கொடுத்தது. “கெழவன் ஒருத்தன் தலையில போட்டு முடிச்சாங்க” என்றார்.

நான் போனில் இருந்த படங்களைக் காட்டினேன். 2023 டிசம்பர், எங்கள் கழிமுகம். ஃபைபர் படகில் இருந்துகொண்டு பிளாஸ்டிக் மக்கால் எண்ணெய் மொண்டு டிரம்மில் ஊற்றும் அண்ணன்கள். எழுந்து பறக்கமுடியாமல் கரையில் உட்கார்ந்திருந்த கறுத்த கூழைக்கடா. குடும்பத்துக்கு ரூ.12,500 நிவாரணம் வந்ததைச் சொன்னேன். சென்யோரா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொரு படத்தையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். இந்தப் பையன் ஏன் கையுறை போடவில்லை என்று கேட்டார். நாங்களும் போடவில்லை, எங்களுக்கும் யாரும் கொடுக்கவில்லை, பிறகு பல பேருக்கு இருமல் நிற்கவே இல்லை என்றார். அன்று இரவு ஊர்ப் பெண்கள் சிலரை வீட்டுக்கு அழைத்து, என்னை மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். கலீசிய மொழி பாதி, ஸ்பானிஷ் பாதியாகச் சொன்னேன். யாரும் என் தவறுகளைத் திருத்தவில்லை. அவர்கள் கேட்டதெல்லாம் எண்ணெய் எத்தனை நாள் கிடந்தது, வலைக்கு யார் பணம் கொடுத்தார்கள், மண்ணைத் தோண்டிப் பார்த்தீர்களா என்பதுதான். மேலே சுத்தமானாலும் அடியில் கறுப்பு இருக்கும், தோண்டிப் பார்க்கச் சொல் என்று ஒரு பாட்டி திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஊர் திரும்பியதும் கம்பாதோஸில் எடுத்த வீடியோவைக் காட்டுக்குப்பத்தில் போட்டுக் காட்டினேன். அத்திப்பட்டுப் பக்கமிருந்து இருளர் அக்காக்கள் சிலரும் வந்திருந்தார்கள். மட்டி அளக்கும் சட்டத்தைப் பார்த்ததும் நிறுத்திப் போடச் சொன்னார்கள். பிறகு கேள்விகள். “லைசென்சு புருஷன் பேர்லயா, அவங்க பேர்லயா?” “மழையில மட்டி செத்துப்பூட்டா அந்த மாசம் துட்டு யாரு குடுப்பா?” “எண்ணெ வந்தப்போ இவுங்களுக்கும் குடுத்தாங்களா, படகு வெச்சிருந்தவனுக்கு மட்டுந்தானா?” எல்லாவற்றையும் ஸ்பானிஷில் எழுதி, சேற்றில் என் பக்கத்தில் நின்ற அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். வகுப்பில் எழுதிய எந்தக் கட்டுரையைவிடவும் கவனமாக எழுதியது அதுதான்.

குரல் செய்தியாகப் பதில் வந்தது. உரிமம் அவரவர் பெயரில். நிவாரணம் பெண்களுக்கும் உண்டு, ஆனால் சங்கப் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான், அதனால் முதலில் பதிவேடு போடுங்கள் என்றார். கூடவே அவரும் இரண்டு கேள்வி கேட்டிருந்தார். உங்கள் கழிமுகத்தில் மட்டி எந்த மாதத்தில் குஞ்சு விடும்? எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று யார் அளக்கிறார்கள்? முதல் கேள்விக்கு அத்திப்பட்டு அக்கா ஒருவர் யோசிக்காமல் பதில் சொன்னார், எந்தத் திட்டில் முதலில் விடும், எதில் பிந்தி விடும் என்பதுவரை. இரண்டாவது கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கோடு போட்ட நோட்டில் பெண்களின் பெயர்களை எழுதிக்கொண்டு வருகிறோம். கழிமுகத்து மட்டியைக் கணக்கெடுக்கச் சொல்லி மீன்வளத் துறைக்குக் கொடுக்கும் மனுவில் அந்தப் பெயர்களும் கையெழுத்துகளும் சேரும்.